ஓரகத்தியின் நீல டிரம்

எங்கள் வீட்டில் பொங்கல் படையலுக்குக் கடைக் காய் வைப்பதில்லை. என் மாமனார் ஏற்படுத்திய வழக்கம் இது. இளவயதில் அவர் செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நிலக்காரர் வீட்டுப் பின்வாசலில் நின்று வாங்கிவரும் காய்தான் அந்தக் காலத்தில் அவர்கள் படையலில் இருக்கும். பிறகு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை கிடைத்து, திருமுல்லைவாயிலில் மனை வாங்கி, கீழும் மேலுமாக இரண்டு வீடு கட்டினார். குடிவந்த முதல் பொங்கலில், சிமெண்டுத் தொட்டியில் தானே வளர்த்த கத்தரிக்காயை இலையின் நடுவே வைக்கச் சொல்லிவிட்டு, "இனிமே இந்த ஊட்ல சொந்த மண்ணு காய்தான்" என்றார். அதற்கு முந்தைய ஆவணியில்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மூத்த மருமகள் என்பதால் காயை எடுத்து இலையில் வைக்கும் உரிமை எனக்கு வந்தது. அவர் காலமான பிறகு, வளர்க்கும் பொறுப்பும் என்னிடமே வந்தது.

போன வருடம் இலையின் நடுவே இருந்தவை என் ஓரகத்தி வளர்த்த கத்தரிக்காய்கள். வைத்தது மட்டும் என் கை. என் செடிகள் கார்த்திகையிலேயே வாடிப்போயிருந்தன. என் கணவர் ஒரு காயைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, "கைராசிக்காரிம்மா நீ" என்று தம்பி மனைவியிடம் சொன்னார். அப்படியொரு வார்த்தையை அவர் இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதில்லை. அப்போது அவர் எந்தச் சட்டை போட்டிருந்தார் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

நான் எதற்கும் தேதி குறிப்பவள். எஸ்டேட்டில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முத்திரை இல்லாத பெட்டி என் மேசையைத் தாண்டாது. வீட்டிலும் அப்படித்தான். ஏரி எப்போது நிரம்பியது, எங்கள் தெருவுக்குத் தார் எப்போது போட்டார்கள், எந்த மாதம் எந்தச் செடி மொட்டு விட்டது, எல்லாம் எழுதி வைப்பேன். கையில் கிடைக்கும் புத்தகங்களையெல்லாம் படிப்பேன். என் ஓரகத்திக்கோ பால் பாக்கெட்டில் இருக்கும் தேதிகூடக் கண்ணில் படாது. பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவள். வாய் ஓயாது. மாடி வீட்டில் அவளும் என் கொழுந்தனும், கீழே நாங்கள். மொட்டைமாடி இரண்டு வீட்டுக்கும் பொது. கிழக்குப் பாதி என் தொட்டிகள், மேற்குப் பாதி அவளுடையவை.

அவள் செடி வைக்க ஆரம்பித்ததே கொரோனா ஊரடங்கில் பொழுதுபோகாமல்தான். ஆவடி மார்க்கெட்டில் ஒரு விதைக்கடையிலிருந்து கொழுந்தன் அவளுக்குச் சில பொட்டலங்கள் வாங்கிவந்தார். ஒன்று டிரைக்கோடெர்மா, மண்ணில் பரவி, வேரை அழுகவைக்கும் கெட்ட பூஞ்சையைத் தின்றுவிடும் நல்ல பூஞ்சை. இன்னொன்று சூடோமோனாஸ், வேரைச் சுற்றிக் குடியேறி வாடல் நோயை நெருங்கவிடாமல் செய்யும் பாக்டீரியா. மூன்றாவது பவேரியா, பூச்சியின் உடம்பிலேயே முளைத்து அதைக் கொல்லும் பூஞ்சை. பார்ப்பதற்கு மூன்றும் சாம்பலும் கோலமாவும் கலந்த மாதிரி இருக்கும். உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

அவளுக்கு அது பற்றியெல்லாம் கவலையில்லை. ஒரு கை பொடி, ஒரு கட்டி வெல்லம், தண்ணீர். நீல டிரம்மில் கொட்டி, மேலே பழைய நைட்டித் துணியைக் கட்டிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடுவாள். ஞாபகம் வந்தால் எடுத்துச் செடிக்கு ஊற்றுவாள். அவள் கத்தரி இலைகள் கையளவு அகலம். அவரைக் கொடி தண்ணீர்த் தொட்டியின் மேலேறி, டிஷ் ஆண்டெனாவைச் சுற்றிக்கொண்டது. ஒருநாள் அவளுடைய செம்பருத்தியின் பக்கம் போனேன். தண்டில் ஒட்டியிருந்த மாவுப்பூச்சிகள் பஞ்சு பூத்த மாதிரி பூசணம் பிடித்துச் செத்துக் கிடந்தன. பவேரியா வேலை செய்திருந்தது. முதன்முதலில் இதைப் பட்டுப்புழுக்களைக் கொல்லும் நோயாகத்தான் கண்டுபிடித்தார்கள் என்று நான் படித்திருக்கிறேன். அவள் அதைப் படித்ததில்லை. ஆனால் செத்த பூச்சி அவள் செடியில்தான் இருந்தது. என் செம்பருத்தியில் பூச்சிகள் உயிரோடு, கொழுத்து, குடும்பத்தோடு இருந்தன. செத்த பூச்சியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் இந்தத் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன பொங்கல் முடிந்ததும் நானும் அதே கடைக்குப் போனேன். அதே பொட்டலங்கள். தயாரித்த நாள், காலாவதி நாள் இரண்டையும் பார்த்து, இருந்ததில் புதியதாக வாங்கினேன். வெயில் படாமல் கீழ் அலமாரியில் வைத்தேன். ஆடிப்பெருக்கன்று விதை போட்டு, ஆவணியில் நாற்றைப் பிரித்து நட்டேன். மண்ணில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் அளந்து கலந்தேன். வாளியைப் புதிதாக வாங்கி, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதில் மருந்தைக் கரைத்து மாலை வேளையில் ஊற்றினேன்.

புரட்டாசி பிறந்ததும் என் செடிகள் மத்தியானத்தில் தலை தொங்கத் தொடங்கின. சாயங்காலம் நிமிரும். அடுத்த மத்தியானம் மறுபடி தொங்கும். முதல் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்ட அன்று ஒரு செடி நிமிரவே இல்லை. பிடுங்கிப் பார்த்தேன். வேர் பழுப்பேறி, தோல் உரிந்து கையோடு வந்தது. மேற்கே அவள் செடிகள் அதே வெயிலில் காற்றுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தன.

அவள் துணி காயப்போட வந்தாள். நான் கலக்கிவைத்திருந்த வாளிப் பக்கம் குனிந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இது, மருந்து பக்கெட்டு ஆஸ்பத்திரி பாத்ரூம் கணக்கா நாறுது?"

"மருந்துன்னா மருந்து வாடைதான் அடிக்கும்."

"என் டிரம்ம மோந்து பாரு. கள்ளுக்கடை தோத்துடும். ஒன் தம்பி இந்தப் பக்கம் வந்தாலே ஒரு கிளாஸ் மோந்து குடிச்சிடுவாரோன்னு பயமா கீது."

"ஒன் தம்பி" என்று அவள் சொன்னது தன் புருஷனைத்தான். சிரித்துக்கொண்டே கீழே போய்விட்டாள். நான் சிரிக்கவில்லை. அவள் போன பிறகு நீல டிரம்மின் துணியை விலக்கினேன். உண்மைதான். புளித்த மாவும் வெல்லமும் ஈரமண்ணும் சேர்ந்த வாசனை. மேலே நுரை. ஏதோ ஒன்று உள்ளே மூச்சுவிடுகிற மாதிரி குமிழ்கள் வந்து உடைந்தன. என் வாளியில் பொடி அடியில் படிந்து கிடந்தது. மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அந்த வாடையை எனக்கு நன்றாகத் தெரியும். அது மருந்தின் வாடை அல்ல. பிளீச்சிங் பவுடர்.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அதனால் லாரித் தண்ணீர் வாங்கித் தரைக்கடித் தொட்டியில், நாங்கள் சம்ப் என்று சொல்வதில், நிரப்புவோம். பெருவெள்ளம் வந்த கார்த்திகையில் சாக்கடை புகுந்து வீட்டில் எல்லோரும் வயிற்றுப்போக்கில் படுத்ததிலிருந்து, லாரி வந்துபோன அன்றே பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவது என் வேலை. யாரும் சொல்லி நான் செய்வதில்லை. கொஞ்சம் தாராளமாகவே போடுவேன். குடிப்பதற்குக் கேன் தண்ணீர் இருக்கிறதே. அந்தத் தண்ணீரில்தான் நான் இத்தனை நாளும் உயிருள்ள பாக்டீரியாவைக் கரைத்திருக்கிறேன். வேறு எதற்கும் இல்லாவிட்டாலும் கிருமி கொல்வதற்குப் பேர்போன தண்ணீர்.

அவளும் செடிகளுக்கு அதே சம்ப் தண்ணீரைத்தான் குழாய் வைத்துப் பாய்ச்சுகிறாள். ஆனால் மண்ணில் விழுந்ததும் பிளீச்சிங் பலம் குறைந்துவிடும். கரைக்கிற வாளியில்தான் அது தன் வேலையைக் காட்டும். அப்படியானால் அவள் டிரம்மில் இருப்பது எந்தத் தண்ணீர்?

டிரம்முக்குள் விழும் குழாய் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். அது ஏசித் தண்ணீர். இரண்டு கோடைக்கு முன் அவர்கள் படுக்கையறையில் ஏசி மாட்டினார்கள். எங்களுக்கு வேண்டாம், உடம்புக்கு ஆகாது என்று என் கணவர் சொல்லிவிட்டார். அந்த ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நேராக என் வாசற்படியில், நான் போட்ட கோலத்தின் மேல் விழுந்தது. சித்ரா பௌர்ணமியன்று கோலம் கலைந்ததும் நான் மாடிப்படியில் நின்று சத்தம் போட்டேன். அன்று சாயங்காலமே கொழுந்தன் ஒரு குழாயைச் செருகி, சொட்டுகிற தண்ணீர் போய் விழ நீல டிரம் ஒன்றை வாங்கிவைத்தார். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடியேறச் சோம்பல்பட்டு அவள் அந்த டிரம்மையே மொட்டைமாடிக்கு ஏற்றச் சொல்லி, குழாயை நீட்டச் சொல்லி, மோட்டார் வைத்து இழுத்து, அதிலேயே மருந்தைக் கொட்டிக் கலக்கிவிட்டாள். அவளுக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது என் சண்டையால். அவள் சோம்பேறித்தனம்கூட அவள் பக்கம் நின்றது. நான் பார்த்துப் பார்த்துச் செய்த சுத்தம் எனக்கே எதிராக நின்றது.

உறுதி செய்துகொள்ளாமல் நான் எதையும் நம்புவதில்லை. அவள் சந்தைக்குப் போன நேரம், டிரம்மில் விழும் குழாயின் வாயிலிருந்து ஒரு டம்ளர் ஏசித் தண்ணீர் பிடித்தேன். இன்னொரு டம்ளரில் சம்ப் தண்ணீர். இரண்டிலும் ஒரே பொட்டலத்துப் பொடி, ஒரே அளவு வெல்லம். இரண்டையும் துணி மூடி அலமாரியில் வைத்தேன். சில நாட்களில் ஒன்று நுரைத்துப் புளித்து வாசனை வந்தது. மற்றது நான் வைத்தபடியே இருந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். தோற்ற காரணம் தெரிந்துவிட்டதே. வந்ததென்னவோ எரிச்சல்தான். கைராசி என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் ஏசி மெஷினின் ராசி என்று வீடு முழுக்கக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என் பிளீச்சிங் கதையையும் சொல்லவேண்டி வரும். பேசாமல் இருந்துவிட்டேன்.

அவளிடம் போய்த் தண்ணீர் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஐப்பசி மழை எனக்கு உதவியது. வீட்டிலிருந்த அண்டா குண்டா எல்லாவற்றையும் மாடியில் பரப்பினேன். பூந்தமல்லி சாலை நர்சரியில் கத்தரி நாற்று வாங்கி, தொட்டி மண்ணை மாற்றி நட்டேன். மழைத் தண்ணீரில் மருந்து கரைத்து ஊற்றினேன். தீபாவளிக்கு மறுநாள் என் வாளியிலும் நுரை கட்டியது. என் கணவர், "இன்னாமே, மாடியில பானை வியாபாரமா பண்ணப்போற?" என்று கேட்டார். "பொங்கலுக்குத் தெரியும்" என்றேன். கார்த்திகை தீபத்தன்று அகல் வைக்கப் போனபோது எண்ணிப் பார்க்கிற அளவுக்கு மொட்டுகள் இருந்தன. மேற்குப் பக்கம் போய் அவளுடையதையும் எண்ணினேன். அவளுக்குத்தான் அதிகம்.

மார்கழி பிறந்தது. மழை நின்றது. குளிரில் யாரும் ஏசி போடுவதில்லை. நீல டிரம்முக்கு வந்துகொண்டிருந்த சொட்டு நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் மாடியில் துணி உதறிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு புது மருந்துப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தபடி வந்தாள். டிரம்மின் அடியில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. பக்கத்துக் குழாயைத் திருகி வாளி நிறையச் சம்ப் தண்ணீர் பிடித்தாள். முந்தின நாள்தான் லாரி வந்திருந்தது. முந்தின நாள்தான் நான் பிளீச்சிங் போட்டிருந்தேன்.

நான் வாயைத் திறக்காவிட்டால் போதும். அந்த வாளி டிரம்மில் விழும். உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்ச உயிரும் போகும். புதுப் பொட்டலமும் போகும். பொங்கலுக்கு முன்னால் அவள் செடிகளில் காய் குறையும். ஏன் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. கைராசி போய்விட்டது என்பார்கள். அந்த வார்த்தையை நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவள் தோற்றால் அது சம்ப்பிடம் தோற்றதாக இருக்கும். நான் ஜெயித்ததாக இருக்காது. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"அந்தத் தண்ணிய ஊத்தாத" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"நேத்து பிளீச்சிங் போட்டிருக்கேன். உள்ள இருக்கறதெல்லாம் செத்துடும்."

வாளியோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். என் வாளியைப் பார்த்தாள். அவளுக்குப் படிப்பில் கவனமில்லையே தவிர, கணக்குப் போடுவதில் யாருக்கும் சளைத்தவளில்லை.

"அப்போ அன்னிக்கு அந்த ஆஸ்பத்திரி வாடை..."

நான் கையிலிருந்த துணியை மறுபடி உதறினேன்.

"அய்யோ அக்கா! நீயே மருந்தையும் வாங்கி, நீயே அதுக்கு வெசத்தையும் வெச்சிகினியா?"

வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் இரண்டு வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. "ஒங்கண்ணி பாக்டீரியாவுக்கே வயித்தால போவ வெச்சவங்க" என்று என் கணவர் தம்பியிடம் சொல்லிச் சிரிக்கிற சத்தம் எனக்குச் சமையலறையில் கேட்டது. தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் வெயிலில் வைத்துவிட்டு மறுநாள் கரைத்தால் போதும், பிளீச்சிங் பறந்துவிடும் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு அடுத்த நாள், அரக்கோணத்தில் என் அக்காவுக்குக் கண் அறுவை சிகிச்சை. துணைக்கு நான் போகவேண்டியிருந்தது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்படி கணவரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு ஆவடியில் ரயிலேறினேன். அக்கா வீட்டில் இருந்த நாளெல்லாம் மனம் மாடியிலேயே இருந்தது. போன் செய்தால், "எல்லாம் சூப்பரா கீது" என்பார். அவர் மாடி ஏறினாரா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

திரும்பி வந்ததும் பையைக்கூட வைக்காமல் மேலே போனேன். என் செடிகள் நிமிர்ந்து நின்றன. இலைகள் கரும்பச்சை. ஊதாப் பூவும் பிஞ்சுமாக இருந்தது. ஒரு செடிகூட வாடவில்லை. மேற்குப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவளுடையதற்கும் என்னுடையதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏன், என் காய்கள்தான் பளபளப்பு. மழைத் தண்ணீரும் என் பொறுமையும் சேர்ந்து பலித்துவிட்டதாக நினைத்தேன். அன்று கணவருக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தேன்.

பொங்கலன்று மாடியிலேயே அடுப்பு மூட்டினோம். பால் பொங்கியதும் தலைவாழை இலை போட்டேன். அவளுடைய அவரை, பூசணி, பீர்க்கை எல்லாம் சுற்றிலும் வந்தன. நடுவில் என் கத்தரிக்காய்களை வைத்தேன். காம்பு பச்சை மாறாமல், முள் குத்த, ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை நிறைத்தது. மாமனார் படத்துக்குச் சூடம் காட்டும்போது நிமிர்ந்து நின்றேன்.

பிறகு எல்லாக் காயும் ஒரே குழம்பில் விழுந்தது. மாடியிலேயே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"அண்ணி, கத்திரிக்கா வெண்ணெ மாதிரி கீது" என்றார் கொழுந்தன்.

என் கணவரும் தலையாட்டினார். "கைராசி வந்திச்சிப்பா, எங்க ஊட்டுக்கும்."

அந்த வார்த்தை வந்துவிட்டது. நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

"ராசி யாரு கைன்னு செடியக் கேளுங்க" என்றாள் அவள், அப்பளத்தை நொறுக்கியபடி. "அக்கா ஊருக்குப் போனாங்களா, மாமா ஒருநாள்கூட மாடிக்கு வர்ல. அவங்க செடில்லாம் தலைய தொங்கப் போட்டுகினு நின்னிச்சி. பாக்கவே பாவமா இருந்திச்சிக்கா. என் டிரம்ல இருந்து தெனிக்கும் ரெண்டு சொம்பு ஊத்தினேன்."

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ மண்ணையே மாத்திடுவ."

கணவர் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. கொழுந்தன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். என் வாயில் ஒரு துண்டு கத்தரிக்காய் இருந்தது. என் நாற்று, என் தொட்டி, என் மழைத் தண்ணீர். வேரில் குடியிருந்தது யாருடைய டிரம்மிலிருந்து வந்தது? முழுங்கினேன். சுவையாகத்தான் இருந்தது. அதுவும் எனக்கு வருத்தமாக இருந்தது.

எல்லோரும் கீழே போன பிறகு என் தொட்டி ஒன்றின் மண்ணை விரலால் கிளறினேன். வேரைச் சுற்றி மண் பொலபொலவென்று உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். ஈரமண்ணும் லேசான புளிப்பும். என்னுடையது எது, அவளுடையது எது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. எந்தத் தரப் பரிசோதனையாலும் முடியாது. அந்த நுண்ணுயிர்கள் இந்நேரம் பெருகிக் கலந்து, இரண்டு பக்கத்துப் பெயரையும் மறந்திருக்கும். கீழே வந்து கையைக் கழுவும்போது, அவள் கடைசியாகக் கிழித்துப் போட்டிருந்த மருந்துப் பொட்டலம் வாசல் குப்பைக்கூடையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். காலாவதித் தேதி எப்போதோ முடிந்திருந்தது.

காணும் பொங்கலன்று காலையில் லாரி வந்தது. ஏரிப்பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர், இன்னும் எதுவும் கலக்காதது. சம்ப் நிரம்பி, லாரிக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். நான் பிளீச்சிங் கரைத்த வாளியோடு சம்ப்பின் வாயருகே நின்றேன். ஊற்றப் போனவள், நிமிர்ந்து மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"மோட்டார் போட்டிருக்கேன். டிரம்முக்குத் தண்ணி வேணும்னா இப்பவே புடிச்சிக்கோ. அப்புறம் ஊத்திடுவேன்."

மேலே கைப்பிடிச் சுவரில் அவள் தலை தெரிந்தது. தலையில் துண்டு சுற்றியிருந்தாள்.

"உனுக்கும் சேத்து புடிச்சி வெக்கட்டாக்கா?"

"வேணாம்" என்றேன். "என்னுத நானே வந்து புடிச்சிக்கிறேன்."

பிளீச்சிங் வாளியை மூடிவைத்துவிட்டுப் படியேறினேன்.